சூடு வரும் குழாய்

ஸ்காபரோவில், மார்க்கம் றோட்டுக்குக் கிழக்கே
அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் எனக்கு
ஒரு கட்டில், பனி மூடிய ஒரு ஜன்னல்,
தலைமாட்டுக்கு மேலே ஒரு தகரத் துவாரம்.
அதன் வழியாகத்தான் சூடு வரும்.
தவபாலன் அண்ணையின் குறட்டையும்.

பன்னிரண்டரைக்கு அவர் கார் வந்து நிற்கும்.
பிளாஸ்டிக் வாளி வார்க்கிற பக்டரி.
கொத்துரொட்டிப் பெட்டி திறக்கும்,
போத்தல் மூடி திருகும்.
"ஒரு பெக் அடிச்சாத்தான் கண் மூடும்."
ஒரு மணிக்குத் தொடங்கும்
மரம் அரியும் சத்தம்.
மூன்றரைக்கு அலாரம்.
பிறகு பாண் வான், நாற்பத்திரண்டு கடை,
விடியுமுன்.

குறட்டையை யாரும் சகித்துக்கொள்ளலாம்.
எனக்குப் பயம் அது நிற்கும்போது.
நடுவில் சட்டென்று
வீட்டுக்கே காது அடைத்ததுபோல் ஆகும்.
நான் எண்ணத் தொடங்குவேன்.
பன்னிரண்டு. பதினெட்டு.
ஃபிரிட்ஜ் முனகும். இருபத்துநான்கு.
பிறகு தண்ணீரிலிருந்து தலை தூக்கியவன்போல்
ஒரு இழுப்பு.
சரி, இருக்கிறார்.

அகதி வழக்குக்குத் தேதி வராத அந்த மாசியில்
என் இரவுகளுக்கு அதுதான் கணக்கு.

ஒருநாள் முப்பத்தொன்று வரை போனது.
தும்புத்தடியை எடுத்து
முகட்டை இடித்தேன், மூன்று தரம்.
மேலே மூச்சு தடுக்கி விழுந்து எழும்பியது.

அடுத்த நாள் படியிறங்கி வந்தார்.
கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு,
மேல் பொத்தான் பூட்டாத சேட்டு.
"தம்பி, சூடு காணாதோ?
சொல்லியிருக்கலாம்தானே, ஏன் இடிக்கிறீர்?"
நான் வாய் திறக்குமுன் மேலே ஏறி
இரண்டு பாகை கூட்டிவிட்டார்.
அன்றிரவு வியர்த்துக்கொண்டே எண்ணினேன்.

யசோதினி அக்காவிடம்தான் சொன்னேன்.
அவர் மகளின் அறைக்குப் படுக்கை மாற்றி
மூன்று வருடம்.
"சத்தத்துக்காகத்தான் போனனான்" என்றார்,
"அது நிக்கிறது எனக்குத் தெரியாது."
பிறகு குசினி மேசையைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே.

கிளினிக் படிவத்தை என்னிடம் தந்தார் அண்ணை;
வாசிக்கக் கண் செருகுதாம்.
கழுத்தின் சுற்றளவு: தையல் நாடாவால் அளந்தோம்,
பதினெட்டு அங்குலம்.
புகை? "விட்டாச்சு எண்டு போடும்."
குடி? "எப்பவாவது."
சிவப்பு விளக்கில் நிற்கும்போது நித்திரை வருமா?
"ஒருக்காலும் இல்லை எண்டு எழுதும்.
லைசன்ஸைப் பிடுங்கிப்போட்டா
மோட்கேஜை ஆர் கட்டுறது?"
வானின் முன் பம்பர் நசுங்கியிருந்ததைப் பற்றி
இருவரும் பேசவில்லை.
எத்தனை வேலை என்று
படிவம் கேட்கவேயில்லை.
தங்கச்சியின் கலியாணக் கடன்,
வட்டி ஏறிய வீட்டுக் கடன்,
ஸ்டியரிங்கில் வைத்துச் சாப்பிடும் சாப்பாடு,
ஒன்றுக்கும் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால், சின்னதாக.
பிறகு அழித்துவிட்டேன்.

மெஷின் வேண்டும் என்றார்கள்.
அரசாங்கம் தருவது போக மிச்சம் கையிலிருந்து.
சனிக்கிழமையும் ஓவர்டைம் எடுத்தார்.
நித்திரை மெஷின் வாங்க
நித்திரையையே விற்கிறீர்கள் அண்ணை என்றேன்.
சிரித்தார்.
சிரித்து முடிக்குமுன் சோபாவில் தலை சாய்ந்தது.

மெஷின் வரும்வரை
"இடிக்க வேண்டி வந்தா இடியும்" என்று
வாடகையில் ஐம்பது டொலர் குறைத்தார்.

பங்குனியில் எனக்கும் இரண்டாவது வேலை கிடைத்தது.
காலையில் பேகல் பக்டரி,
பின்னேரம் தொடங்கி நடுச்சாமம்வரை
ஆளில்லாத அலுவலகங்கள் துடைப்பது.
வந்து விழுந்தால் கனவுமில்லை, எண்ணிக்கையுமில்லை.
தும்புத்தடி மூலையில் சாய்ந்து நின்றது.

ஒரு கிழமை போயிருக்கும்.
குப்பைப் பெட்டியை வீதிக்கு இழுத்துப் போகையில்
முகம் பார்க்காமல் சொன்னார்:
"நேற்று மூன்றரைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான்.
குழாய்க்குள்ளால உம்மட சத்தம் கேட்டது.
பிறகு நிண்டிட்டுது."
பெட்டியின் சில்லு பனிக்கட்டியில் சிக்கியது.
"ஒரு சப்பாத்தைப் போட்டபடி
மற்றதைக் கையில வைச்சுக்கொண்டு
எண்ணினனான்."

"எத்தனை?" என்றேன்.

"பாண் பிந்திப்போச்சு" என்றார்.